டேக் என்றால் எடு மட்டுமா?

மும்மொழிச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யும் பழக்கத்துக்கு ஈப்போவில் இப்போது புது மவுசு வந்திருக்கிறது. 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வை நிறுத்தியபோது பட்டியலும் அதோடு ஒழியும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஒழியவில்லை. டியூஷன் மையங்களில் தொடர்கிறது, கைப்பேசிச் செயலிகளில் அட்டை அட்டையாக வருகிறது, ஆயிரம் சொல்லை ஒப்பிக்கும் பிள்ளைக்கு மேடையில் கேடயமும் கிடைக்கிறது. அப்படியொரு பரிசளிப்பில் அண்மையில் பேசிய பெரியவர் ஒருவர், வீட்டில் ஆங்கிலம் இல்லாத தோட்டப்புறப் பிள்ளைக்குப் பட்டியலை விட்டால் வேறு கதியில்லை என்று வாதிட்டார். பெற்றோர் பலமாகக் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை.

பட்டியலுக்குச் சேரவேண்டிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். சொல் இல்லாமல் மொழி இல்லை. சொல்லையும் அதன் தாய்மொழிப் பொருளையும் அட்டையில் எழுதிப் படிப்பது பலன் தரும் என்று, சொற்கல்வி ஆய்வில் பெயர்பெற்ற நியூசிலாந்து அறிஞர் பால் நேஷனே எழுதியிருக்கிறார். (அது கற்றலின் ஒரு பகுதிதான் என்றும் அவரே எழுதியிருக்கிறார், அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.) செலவும் குறைவு. 2018-இல் சூப்பர் மைண்ட்ஸ் போன்ற இறக்குமதிப் பாடநூல்கள் வகுப்புக்கு வந்தபோது, அவற்றின் அந்நியச் சூழலோடு மல்லுக்கட்டிய ஆசிரியர்களுக்குப் பட்டியல் கைகொடுத்தது. குடை, பாலம், முழங்கை போன்ற பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை எனக்குப் புகார் எதுவும் இல்லை.

என் புகார் சின்ன வினைச்சொற்களைப் பற்றியது. பல காலமாகச் சொல்லி வருகிறேன்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்தியின் நோட்டில் மூன்று பத்திகள் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலம், மலாய், தமிழ். அதில் ஒரு வரி: டேக், அம்பில், எடு. ஈப்போ சீனப்பள்ளி மாணவனின் நோட்டிலும் இதே வரி உண்டு. கடைசிப் பத்தியில் மட்டும் ‘நா’ என்ற மாண்டரின் வினை. அவ்வளவுதான், டேக் தெரிந்துவிட்டது. ஆசிரியர் சரி போட்டுவிட்டார். அந்தச் சொல் இனிப் பிள்ளையின் படிப்பில் தலைகாட்டாது.

காய்ச்சலில் படுத்ததைப் பற்றி இந்த இருவரும் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதும்போது என்ன நடக்கிறது? இருவருமே ‘ஈட் மெடிசின்’ என்றுதான் எழுதுகிறார்கள். எழுதாமல் என்ன செய்வார்கள்? மலாய்க்காரர் மருந்தைச் சாப்பிடுகிறார், சீனர் சாப்பிடுகிறார், நாமும் சாப்பிடுகிறோம். மூன்று மொழியும் ஒன்றுகூடிச் சொல்லும்போது, ஆங்கிலம் மட்டும் மருந்துக்கு டேக் போடும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸுக்கும் அதே கதிதான். மலாயில் பஸ் ஏறுகிறோம், மாண்டரினில் பஸ்ஸில் உட்காருகிறோம், தமிழில் ஏறவோ பிடிக்கவோ செய்கிறோம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போக இரண்டு மணி நேரம் ‘ஆகிறது’ நமக்கு; மாண்டரினில் அந்த நேரத்தைச் செலவழிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த எல்லா இடங்களிலும் டேக்தான். படம் எடுப்பதில் மட்டும் தமிழ்ப் பிள்ளை தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் நாமும் ‘எடு’ என்கிறோம். மாண்டரினில் படத்துக்கு வேறு வினை. சீனப் பிள்ளை அங்கேயும் இடறும்.

எடு என்ற பொருள் தவறில்லை. ஆனால் டேக் அதிகம் உழைக்கிற இடம் அதுவல்ல. ஜான் சின்கிளேர் தலைமையில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987-இல் வெளிவந்த கோபில்ட் அகராதிக்காக, கோடிக்கணக்கில் ஆங்கிலச் சொற்களைக் கணினியில் கொட்டிப் பார்த்தார்கள். டேக், மேக், ஹேவ், கிவ் போன்ற வினைகள் பெரும்பாலும் தம் சொந்தப் பொருளை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லுக்கு ஊழியம் செய்வது தெரியவந்தது. பார்வைக்கு டேக், ஓய்வுக்கு டேக், பங்கெடுப்பதற்கு டேக். கையால் எடுப்பது அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி. பட்டியலோ அந்தச் சிறு பகுதியைக் கொடுத்துவிட்டு முழுச்சொல்லையும் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுகிறது.

இன்னொரு இழப்பு இதைவிட மோசமானது. டேக்கையும் பிரிங்கையும் குழப்பிக்கொள்வது மலேசிய ஆங்கிலத்தில் சர்வசாதாரணம். மலாயில் இரண்டுக்கும் ‘பாவா’ போதும். மாண்டரினில் ‘டாய்’ என்ற வினை இரண்டுக்கும் பொது. வா, போ என்பது போன்ற துணைச்சொல் பின்னால் ஒட்டினால்தான் திசை புரியும். தமிழிலோ கொண்டு வா, கொண்டு போ என்ற வேறுபாடு நான்கு வயதுப் பிள்ளையின் நாக்கிலேயே இருக்கிறது. அதில் தமிழ்ப் பிள்ளை தடுமாறவே கூடாது. ஆனாலும் தடுமாறுகிறது. பட்டியலில் டேக்குக்கு எதிரே ‘கொண்டு போ’ இல்லை, ‘எடு’ மட்டுமே இருக்கிறது. கொண்டு போவதைச் சொல்ல நினைக்கிற பிள்ளை மலாய்ப் பத்தியில் ‘பாவா’வைத் தேடிப் பிடித்து பிரிங்கில் போய் நிற்கிறது. தாய்மொழி கையில் கொடுத்திருந்த தெளிவைப் பட்டியல் பிடுங்கிக்கொள்கிறது. சீனப்பள்ளிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் ஒரே ஆங்கிலப் பத்தியை அச்சடித்துவிட்டுக் கடைசிப் பத்தியை மட்டும் மாற்றும் பதிப்பகத்தாருக்கு இந்தப் பிள்ளைகளின் மொழிகளைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை என்றே சொல்வேன்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் அல்ல. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி, ஒவ்வொரு வினையும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று காட்டும் அகராதியை 1942-இல் டோக்கியோவிலேயே வெளியிட்டார். பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாக உலகெங்கும் போனது அதுதான். வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953-இல் சுமார் 2000 சொற்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். இன்றைய பட்டியல்களுக்கெல்லாம் மூதாதை அது. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வருகிறது என்று பிரித்துக் காட்டியிருந்தார். வாரிசுகள் சொற்களை வைத்துக்கொண்டு விழுக்காட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

நம் தோட்டங்களில் ஆங்கிலச் சொல் புகுந்த விதத்தையும் நினைத்துப் பார்க்கலாம். விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்றவர்களுக்கும், செக்ரோலில் பெயர் விழுந்ததா என்று கிராணியிடம் கேட்டவர்களுக்கும் யாரும் பொருள் எழுதிக் கொடுக்கவில்லை. எந்த நேரத்தில், யார் வாயிலிருந்து, எதற்காக வருகிறது என்பதோடு சேர்ந்தே அந்தச் சொற்கள் வந்தன. அதனால்தான் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தபிறகும், தோட்டம் துண்டாடப்பட்டு ஜனங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபோன பிறகும் அவை அழியவில்லை. அந்தச் சொற்கள் உத்தரவும் கூலியுமாக வந்தவை, உண்மைதான். அந்த வாழ்க்கையைத் திரும்பக் கேட்க நான் வரவில்லை. சொல் மனத்தில் தங்கும் வழியை மட்டும் சொல்கிறேன்.

மேடைப் பெரியவரின் வாதத்துக்கு வருகிறேன். வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்காகவே பட்டியல் என்கிறார். சரி, ஆங்கிலம் இருக்கிற வீடு பிள்ளைக்கு எதைத் தருகிறது? முழங்கைக்கும் பாலத்துக்குமான சொற்களையா? அவற்றை எந்தப் பள்ளியும் தரும். பையை எடுத்துக்கொள், செருப்பைக் கழற்று, மெதுவாகச் செய், தம்பியைக் கூட்டிப் போ, மருந்து குடித்தாயா என்று காலையிலிருந்து இரவுவரை அம்மா சொல்வதில் எல்லாம் டேக் இருக்கிறது. ஈப்போ நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளை படிக்காமலே அதைப் பெற்றுவிடுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து வேனில் வரும் பிள்ளைக்கு அது கிடைக்கக்கூடிய ஒரே இடம் வகுப்பறை. அந்த வகுப்பறையில் நாம் அவளுக்கு ‘டேக், எடு’ என்று ஒரு வரியைக் கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறோம். ஏழைப் பிள்ளையின் பெயரைச் சொல்லி நடக்கும் இந்தப் பழக்கம், அவளிடம் எது இல்லையோ அதையே தராமல் விடுகிறது. இதை என்னால் ஏற்க முடியாது.

பட்டியலைப் பரிந்துரைக்கும் முதியவர்கள் பலர் செயின்ட் மைக்கல்ஸிலோ ஆண்டர்சனிலோ ஆங்கிலவழியில் படித்தவர்கள். 1970 முதல் அந்தப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறும்வரை, பாடத்திலும் திடலிலும் நாள் முழுக்க ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு டேக் வந்தது அந்த வழியில்தான். தங்களுக்குக் கிடைத்ததைப் பேரப்பிள்ளை வயதுக்காரர்களுக்குக் கொடுக்க முடியாது என்று முடிவுகட்டி, பதிலுக்கு ஆயிரம் சொல்லை நீட்டுகிறார்கள்.

ஆயிரம் வேண்டாம். டேக், கெட், ஹேவ், மேக், புட், கோ, கம், கிவ் போன்ற இருபது வினைகள் போதும்; ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். தமிழ்ப்பள்ளிப் பக்கத்தில் படம் எடுப்பதற்கு ஒரு வரி போதும். மருந்துக்கும் பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் நாலைந்து வாக்கியங்கள் வேண்டும். கொண்டு வா, கொண்டு போ இரண்டையும் பிரிங், டேக் எதிரே நேருக்கு நேர் நிறுத்தவேண்டும். சீனப்பள்ளிப் பக்கம் வேறு மாதிரி இருக்கும். அதைச் சீன ஆசிரியர்கள்தாம் எழுதவேண்டும். நம் பக்கத்தை எழுத வெளியிலிருந்து நிபுணர் வரவேண்டியதில்லை. பேராக்கின் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் ஒரு பள்ளி விடுமுறையில் உட்கார்ந்தால் முடித்துவிடுவார்கள். தங்கள் மாணவர் எந்த வாக்கியத்தில் விழுகிறார்கள் என்பது அவர்கள் திருத்திய நோட்டுகளிலேயே சிவப்பு மையில் இருக்கிறது.