வாசகரைத் தேடிச் சென்ற பத்திரிகைகள்

ஒருவர் தாமே எழுதி, தாமே அச்சுப்பிழை திருத்தி, தாமே விலாசம் எழுதித் தபாலில் சேர்க்கிற பத்திரிகைக்கு வாசகர்கள் எங்கிருந்து வந்து சேருகிறார்கள் என்பது எனக்கு வெறும் இலக்கிய சரித்திரக் கேள்வியாக என்றுமே இருந்ததில்லை. இளம் வயதில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு மாதப் பத்திரிகை நடத்தினோம். பதினோரு இதழ்கள் வந்தன. இதழ் அச்சாகி வந்த மாலைகளில், மைதா மாவைக் கிண்டிய பசையின் வாடை கூடமெங்கும் நிறைந்திருக்க, பழுப்புக் காகிதப் பட்டியை ஒவ்வொரு பிரதியின் இடுப்பிலும் சுற்றி ஒட்டி, மூலையில் 'புக் போஸ்ட்' என்று எழுதி அடுக்குவோம். சந்தா செலுத்துவதாக வாய்வார்த்தையாகச் சொன்னவர்களுக்கு, தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் வி.பி.பி.யில் அனுப்பிய பிரதிகளில் பெரும்பகுதி, 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் கையால் எழுதிய குறிப்போடு, பட்டிகூடக் கிழியாமல் திரும்பி வரும். கலியாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து "அவசியம் அனுப்புங்கள், தம்பி" என்று சொன்னவர் வாசகர் அல்லர் என்பதையும், அவர் நம்மிடம் காட்டியது மரியாதையே தவிர ஆவல் அன்று என்பதையும் அந்தத் திரும்பி வந்த கட்டுகள்தாம் எனக்குக் கற்பித்தன. சம்மதத்துக்கும் ஆவலுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தூரத்தைக் கடப்பதற்குத் தமிழ்ப் பத்திரிகையாளர்கள் கையாண்ட வழிகளின் குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

பாரதியிடமிருந்து தொடங்குவது பொருத்தம். 1906-ல் சென்னையில் வெளிவரத் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையின் சந்தா எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஜமீன்தார்களும் பிரபுக்களும் அதிகம் கொடுக்க வேண்டும், சாமானியர் குறைவாகக் கொடுத்தால் போதும் என்று வாசகரின் நிலைக்குத் தக்கபடி அது வகுக்கப்பட்டிருந்தது. பத்திரிகை படிப்பதை வியாபாரமாகக் கருதாமல், ஊர்ப் பொதுக் காரியத்துக்கு அவரவர் சக்திக்கேற்ப வரி கொடுப்பதைப் போலக் கருதிய மனம் அது. அதே பாரதி 1920-ல் கடையத்திலிருந்து, தம் நூல்களை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடும் பெருந்திட்டம் ஒன்றை வகுத்து, பொருளுதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மறு வருஷமே அவர் காலமானார். திட்டம் காகிதத்தோடு நின்றது. அந்தச் சுற்றறிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஆனால் திறனாய்வு என்று வந்தபின் சொல்லத்தான் வேண்டும்: தமிழ்நாடு முழுவதும் தம் எழுத்துக்காகக் காத்திருக்கிறது என்ற அவருடைய நம்பிக்கை பிற்காலத்தைப் பொறுத்தமட்டில் சத்தியமானது, அந்த வருஷத்தைப் பொறுத்தமட்டில் அதற்கு ஆதாரம் இல்லை. எழுத்தின் தகுதி ஒன்றே வாசகரைக் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பார் இன்றும் உண்டு. பாரதிக்கே அது நடக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான வழி பரிசு. முப்பதுகளில் வாரப் பத்திரிகைகள் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் தமிழ் வீடுகளில் எழுப்பிய பரபரப்பு சாமானியமானதன்று. எஸ். எஸ். வாசன் 1928-ல் விலைக்கு வாங்கிய 'ஆனந்த விகடன்' பெருகியதில் இந்தப் போட்டிகளுக்கும் பங்கு உண்டு. பரிசுக்காகப் பத்திரிகை வாங்குகிறவன் பரிசை வாங்குகிறானே ஒழியப் பத்திரிகையை வாங்கவில்லை என்ற ஆட்சேபம் நியாயமானதே. என்றாலும், கட்டத்தை நிரப்புவதற்காகக் கையில் எடுத்த அதே பத்திரிகையில்தான் கல்கியின் கட்டுரைகளும் இருந்தன. கட்டத்துக்காக வந்தவர்களில் பலர் கட்டுரைக்காகத் தங்கினார்கள் என்பதை மறுப்பது நேர்மையாகாது. வாரந்தோறும் காசு கொடுத்துத் தமிழ் வாங்கும் பழக்கமே வேரூன்றாத ஒரு சமூகத்தில் அந்தப் பழக்கம் உண்டானதற்கு இந்தக் கட்டங்களும் ஒரு காரணம். ஆனாலும் தனியொருவர் இதழுக்கு இது உதவாத வழி. பரிசு கொடுக்கப் பணம் வேண்டும் என்பது ஒரு புறமிருக்க, பரிசுக்கு வந்த கூட்டத்தை நிறுத்திக்கொள்ள அடுத்த வாரம் அதைவிடப் பெரிய பரிசு தேவைப்படும் என்பதே அதன் ஆதாரக் குறை.

தொடர்கதை அப்படியன்று, இங்கே வாசகரை இழுப்பதும் வாசகருக்குக் கொடுப்பதும் ஒரே பொருள். 1836-ல் டிக்கன்ஸ் தம்முடைய பிக்விக் கதையை மாதம் ஒரு ஷில்லிங் விலையுள்ள சிறு பகுதிகளாக வெளியிட ஆரம்பித்தபோது சில நூறு பிரதிகளே விற்றன என்பதும், கதை முடியும்போது அது சுமார் 40,000 பிரதிகளுக்கு உயர்ந்திருந்தது என்பதும் பிரசித்தமான செய்தி. நம்மில் பி. ஆர். ராஜமையர் 1893 முதல் 'விவேக சிந்தாமணி' மாத இதழில் கமலாம்பாளின் கதையைத் தொடராக எழுதி இதற்கு வழி திறந்தார். ஆனால் இந்த வழியைத் தம் ஒருவருடைய தோளிலேயே ஒரு பத்திரிகையைத் தூக்கி நிறுத்தப் பயன்படுத்தியவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிக்கூடம் சென்று படிக்காத அந்த அம்மையார், தொடக்கத்தில் தோழி ஒருத்தியிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தவர்; 1925-ல், நின்றுபோகும் நிலையிலிருந்த 'ஜகன்மோகினி'யை ஏற்று, மாதந்தோறும் தம் நாவல்களையே அதில் தொடராக வெளியிட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அவர் எழுதிய நாவல்கள் 115. அவற்றில் இலக்கியமாக எஞ்சுவது எவ்வளவு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. மாதம் தவறாமல் எழுதியே தீரவேண்டிய கை, சந்தர்ப்பங்களையும் சம்பாஷணைகளையும் திரும்பத் திரும்ப எடுத்தாள்வது தவிர்க்க முடியாதது. ஆனால் அடுக்களை வேலை முடிந்த பிற்பகலில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைச் சுற்றித் தெரியாத நால்வர் உட்கார்ந்து கேட்ட வீடுகள் நம் பக்கத்தில் இருந்தன. அந்த வீடுகளுக்கு வேறு எந்தப் பத்திரிகை வழி கண்டுபிடித்தது?

எங்கள் வீட்டுப் பரணில் 'பொன்னியின் செல்வ'னின் பைண்டு செய்த தொகுதி ஒன்று இருந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த பக்கங்களை வாரவாரம் பாட்டி கத்தரித்துச் சேர்த்து, கடைசியில் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டது. அதைப் பிரித்தால், மணியம் வரைந்த நந்தினியின் பின்புறத்தில் கூந்தல் தைல விளம்பரம் பாதியில் அறுந்திருக்கும். பழுவேட்டரையர் கோபிக்கும் பத்தியின் ஓரத்தில், ஊசியும் நூலும் கொண்டு பாட்டி தைத்த பழைய தையலின் துளைகள் இருக்கும். பைண்டர் வருவதற்கு முன்பே, வாரவாரம் பக்கங்கள் சிதறிவிடக் கூடாதே என்று அவளே தைத்து வைத்த தையல் அது. விலை கொடுத்து வாங்கிய பத்திரிகையின் மற்றப் பகுதிகள் அடுப்பு மூட்டவும் பொட்டலம் கட்டவும் போய்விட்டன. இந்தப் பக்கங்கள் மட்டும் ஒரு ஸ்திரீயின் கைவேலையாக மாறிக் குடும்பச் சொத்தாயின. வாசகர் ஈடுபாடு என்று இன்று பேசுகிறவர்கள் அந்தத் துளைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

குறை எங்கே என்றால், அந்த ஈடுபாடு ஒரு மனிதரின் மூச்சோடு கட்டுண்டிருக்கிறது. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது அவர் எழுதிவந்த 'அமரதாரா' தொடர் பாதியில் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி அதை முடித்து வைக்க வேண்டியிருந்தது. துக்கம் நிகழ்ந்த வீட்டிலிருந்துகூட அடுத்த அத்தியாயத்தை எதிர்பார்க்கிற உரிமையை வாசகருக்குத் தொடர்கதை கொடுத்துவிடுகிறது. மேலும், 'தொடரும்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு திடுக்கிடல் இருந்தே ஆகவேண்டும் என்ற நியதி நாளடைவில் கதையின் எலும்பையே வளைத்துவிடும். ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிற நாவல்களைப் பிறகு புத்தகமாகப் படிக்கும்போது உண்டாகிற அயர்ச்சி நம்மில் பலர் அறிந்ததே.

இனி 'எழுத்து'க்கு வருகிறேன். என் அபிப்பிராயத்தில் வாசகரைத் தேடும் வழிகளுள் மிகவும் கௌரவமானதும், மிகவும் கொடியதும் அதுவே. தினமணி அலுவலகத்தில் வேலை பார்த்தவரும், 'மணிக்கொடி'யில் கதை எழுதிப் பழகியவருமான சி. சு. செல்லப்பா, 1959 ஜனவரியில் சென்னையிலிருந்து அந்த மாத இதழைத் தொடங்கினார். (ராஜமையர், மணிக்கொடியைச் சிறுகதை இதழாக்கிய பி. எஸ். ராமையா, செல்லப்பா ஆகிய மூவருக்கும் வத்தலக்குண்டே ஊர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு.) இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடைகளில் விற்பதில்லை, சந்தாதாரர்களுக்கு மட்டுமே அனுப்புவது என்பவை அவர் ஆரம்பத்திலேயே அறிவித்த கொள்கைகள். வாசகரைப் பெருக்கக் கருதும் யாரும் செய்யத் துணியாத காரியத்தை, அதாவது வாசகர் தொகைக்கு மேல்வரம்பு கட்டுவதை, அவர் முதல் காரியமாகச் செய்தார். அந்த வரம்பை எட்டும் பாக்கியம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை என்பது வேறு.

கடைக்கு அனுப்பாதவர் தாமே போனார். 'எழுத்து பிரசுர'ப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து, பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராகச் சென்று, கல்லூரித் தமிழ்த் துறைகளின் வாசலில் நின்று, எதிர்ப்பட்ட ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் பேசி விற்றார். இதிலுள்ள நன்மை என்னவென்றால், அப்படி வாங்கியவர் ஒரு பொருளை வாங்கவில்லை, ஒரு மனிதரோடு விவாதித்து அவருடைய சிரத்தையை நேரில் கண்டு வாங்கினார். பட்டியைக் கிழிக்காமல் திருப்பி அனுப்புவது அவருக்குச் சாத்தியமில்லை. இதைவிடவும் பெரிய நன்மை இதழுக்குள்ளேயே இருந்தது. 'எழுத்து அரங்கம்' என்று ஒரு பகுதி ஒதுக்கி, அதில் வாசகர் கருத்தை, ஆசிரியரை மறுக்கிற கருத்தாயினும், அவர் வெளியிட்டார். வட இந்தியாவில் உத்தியோகத்திலிருந்த வெங்கட் சாமிநாதன் வாசகராகக் கடிதம் எழுதி அந்த வாசல் வழியே நுழைந்து, தமிழின் கண்டிப்பான விமரிசகர்களுள் ஒருவரானார். இலங்கைத் திருகோணமலையிலிருந்து இருபது வயதுகூட நிரம்பியதோ இல்லையோ என்ற பருவத்தில் தருமு சிவராமு எழுதி அனுப்பினார். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதினார். 1962-ல் 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பில் 24 கவிஞர்களை நிறுத்த முடிந்ததென்றால், அதற்கு இந்தத் திறந்த வாசலும் ஒரு காரணம். எண்ணிக்கையில் எவ்வளவு சிறியதாயினும், படித்தவன் பதில் எழுதுகிறான், பதில் எழுதினவன் அடுத்த இதழில் தன் பெயரைக் காண்கிறான், கண்டவன் தன் ஊரில் இன்னொருவனிடம் அதைக் காட்டுகிறான் என்ற இந்தச் சுழற்சியை, பல்லாயிரம் பிரதிகள் விற்ற எந்த வார இதழும் இவ்வளவு செறிவாக உண்டாக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

இருந்தும், இந்த முறையைக் குற்றமற்றதென்று என்னால் சொல்ல முடியாது. கடையில் விற்பதில்லை என்ற விரதம், 'எழுத்து' என்று ஒன்று இருப்பதையே அறியாத, ஆனால் அறிந்திருந்தால் அதைப் பொக்கிஷமாகக் கொண்டாடியிருக்கக்கூடிய வாசகனுக்குக் கதவைச் சாத்தியது. கடைக்கு வராத நூலை விசாரித்துத் தேட ஒருவனுக்கு முதலில் அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரிந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிற பத்திரிகை, சில ஆண்டுகளில் தன் குரலையே திரும்பக் கேட்கத் தொடங்கும். இரண்டாவது குறை இன்னும் வேதனை தருவது. மூட்டை சுமந்த அந்த நாட்களும் மாதங்களும் அவரே எழுதிய 'வாடிவாசல்' குறுநாவலைப் போன்ற இன்னொன்றை எழுதியிருக்கக்கூடிய ஒரு கையிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆசிரியரே விற்பனையாளராவதில் வாசகருக்கு லாபம், எழுத்துக்கு நஷ்டம். 119 இதழ்களோடு 1970-ல் 'எழுத்து' நின்றது. காகித விலையும் அச்சுக் கூலியும் மட்டும் அதை நிறுத்தவில்லை, ஒரு உடம்பின் சக்திக்கு உட்பட்ட தூரம் அவ்வளவுதான் என்றே நான் எண்ணுகிறேன்.

தொடர்கதையின் ஈர்ப்பையும் எழுத்து அரங்கத்தின் திறந்த வாசலையும் ஒருசேரக் கொண்ட பத்திரிகையைத் தமிழில் யாரும் நெடுநாள் நடத்திக் காட்டியதில்லை. நடத்தினால் எப்படியிருக்கும் என்று யோசிப்பதில் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. எங்கள் பதினோரு இதழ்களில் இரண்டும் இல்லை. ஒன்று மட்டும் இருந்தது. மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர், ஒவ்வொரு இதழ் கிடைத்ததும் பதினைந்து காசுத் தபால் கார்டு ஒன்றில், பொடிப் பொடியான எழுத்தில், அச்சுப்பிழைகளைப் பக்க எண்ணோடு வரிசைப்படுத்தி, கீழே இடமிருந்தால் கதையைப் பற்றியும் இரண்டு வரி எழுதி அனுப்புவார். நாங்கள் அந்தப் பிழைகளை அடுத்த இதழில் திருத்தமாகப் போட்டோமே அன்றி, அவருடைய இரண்டு வரிகளை ஒரு தடவையும் அச்சிடவில்லை. அவருக்குப் பதிலும் எழுதவில்லை. பத்திரிகை நின்று மூன்று மாதம் கழித்து அவருடைய கார்டு ஒன்று வந்தது. பன்னிரண்டாம் இதழ் தபாலில் தவறிவிட்டது போலிருக்கிறது, இன்னொரு பிரதி அனுப்பினால் தபால் செலவைத் தாமே ஏற்றுக்கொள்வதாக அதில் எழுதியிருந்தார்.