கரிசல் நிலத்தில் குழந்தை விளையாட்டுவெளி: ‘கதவு’ சிறுகதையை முன்வைத்து

கி. ராஜநாராயணனின் (1923–2021) ‘கதவு’ சிறுகதை, கரிசல் உழவரின் வறுமையையும் தீர்வைக் கெடுபிடியையும் சித்திரிப்பதாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. இவ்வாசிப்பு சரியே, எனினும், கதை ஏன் குழந்தைகளின் ஆட்டத்தில் தொடங்குகிறது என்பதை அது விளக்குவதில்லை.

வீட்டின் உள்ளும் வெளியும் சந்திக்கும் இடம் கதவு. லட்சுமியும் சீனிவாசனும் அண்டைவீட்டுப் பிள்ளைகளும் அதனை ஊர்தியாக்குகின்றனர். சிலர் ஏறி நிற்க, பிறர் தள்ளுகின்றனர். தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படம் அதில் ஒட்டப்படுகிறது. ஒரு சூழலில் குழந்தை மாற்றியமைக்கத்தக்க கூறுகள் பெருகப் பெருக, அதன் கண்டுபிடிப்புத் திறனும் பெருகும் என 1971இல் சைமன் நிக்கல்சன் வாதிட்டார். அக்கருத்துக்கு இக்கதவு தக்க சான்றாகும்.

ஆயின், வறுமையே கற்பனையை வளர்க்கும் என இதிலிருந்து முடிவு செய்தல் பொருந்தாது. தீர்வைப் பாக்கிக்காகக் கதவு பெயர்த்துச் செல்லப்பட்டபின், வாடைக்காற்று தடையின்றி வீட்டினுள் புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பிள்ளைகள் இழந்தது விளையாட்டுப் பொருளை மட்டுமன்று, பாதுகாப்பையும்தான். இரண்டும் ஒரே பொருளில் அமைந்திருப்பதே கதையின் நுட்பம்.

கதைக்களமான கோவில்பட்டி வட்டாரத்தைப் போன்றே அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளும் மழையை நம்பிய வறண்ட நிலங்கள். பெற்றோர் வேலைக்குச் செல்லும் வேளையில் இங்குள்ள சிறுகுழந்தைகளின் பகற்பொழுது அங்கன்வாடியில் கழிகிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், ஊட்டச்சத்துடன் முன்பருவக் கல்வியையும் தன் பணியாகக் கொண்டது. ‘கதவு’ தரும் அளவுகோலைக் கொண்டு இம்மையங்களை நோக்குதல் பயனுடையது. சோளத்தட்டை வண்டியும் பனங்காய் வண்டியும் செய்து பழகிய மண்ணில், பொம்மைகள் குழந்தையின் கைக்கெட்டாத அலமாரியில் இருப்பின் அவை இருப்புப் பதிவேட்டுக்கே உரியவை. சீமைக்கருவேல முள் அகற்றப்படாத முற்றமும் வேம்பின் நிழலற்ற திடலும் பெயரளவிலேயே விளையாட்டுவெளிகள். உள்ளறையையும் முற்றத்தையும் இணைக்கும் நிழல் தாழ்வாரம் இவ்வெயில் நிலத்தின் முதன்மைத் தேவை எனலாம்.

எனவே, மையங்களை மதிப்பிடுவோர் பொருள்களின் எண்ணிக்கையோடு நிறுத்துதல் போதாது. அவற்றைக் குழந்தை தானே எடுக்கவும், இடம் மாற்றவும், வேறொன்றாகப் பாவிக்கவும் இயலுகிறதா என்பதையும், அவ்வேளையில் வெயிலும் முள்ளும் அதனைத் தாக்காதிருக்கின்றனவா என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும்.