மனு பார்க்கப் போகிறவர்கள்

சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதை நம் பக்கத்தில் ‘மனு பார்ப்பது’ என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பங்கிலிருந்து வேன் பிடித்து ஒரு மத்திய சிறைக்குப் போயிருந்தோம். வாசலில் கைபேசி, பணப்பை எல்லாவற்றையும் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு உள்ளே போனோம். பாட்டு, செபம், கேக். ஆளுக்கொரு சோப்பும் துண்டும். வரிசையில் வந்த பெரியவர் ஒருவர் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “அடுத்த வாய்தா என்னைக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா தம்பி?” என்றார். அதை எங்கே கேட்பதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. “உங்களுக்காகச் செபிக்கிறோம் ஐயா” என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

இந்தப் பணியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1981இல் கேரளத்தில் குருமட மாணவர்கள் தொடங்கிய இந்தியச் சிறைப்பணி இயக்கம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆஷ்விட்ஸ் முகாமில் சக கைதி ஒருவருக்காகத் தன் உயிரைக் கொடுத்த புனித மாக்சிமிலியன் கோல்பே அதன் பாதுகாவலர். சொந்தபந்தம் கைகழுவிய ஒருவரைத் தேடி, எந்த ஆதாயமும் இல்லாத ஓர் ஆள் வருவது சின்ன விஷயமல்ல. அந்த வருகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தூர் சாட்சி. அருள்சகோதரி ராணி மரியாவை 1995இல் கத்தியால் குத்திக் கொன்றவர் சமுந்தர் சிங். 2002இல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் துறவிதான், சிறைக்கே போய்க் கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். அந்தக் குடும்பம் மன்னித்தது. 2006இல் சமுந்தர் சிங் வெளியே வந்தார். எந்த அரசுத் திட்டத்தாலும் இதைச் செய்ய முடியாது.

ஆனால் சமுந்தர் சிங் தண்டிக்கப்பட்டவர். நாம் சிறையில் சந்திப்பவர்களில் பெரும்பாலோர் அப்படியல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் குற்றவாளிகள் அல்ல. அவர்களை உட்காரவைத்து ஊதாரி மைந்தன் உவமையைச் சொல்லி மனம் திரும்பக் கேட்கிறோம். தீர்ப்பு வருமுன்னே நாம் தீர்ப்பெழுதிவிடுகிறோம். எனக்கு இந்தப் பணியில் மிகவும் உறுத்துவது இதுதான்.

அவர்களுக்கு வேண்டியது வேறு. முதன்முறையாக வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பிணைத்தொகை கட்ட வழியில்லாத ஏழைகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 2023இல் வந்தது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவு எங்கே இருக்கிறதென்று தெரிந்த ஒரு தன்னார்வலர், கீபோர்டு வாசிக்கத் தெரிந்த நால்வருக்குச் சமம்.

செபத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கே சோப்பு என்று நடந்ததையும் பார்த்திருக்கிறேன். எழுந்து போக முடியாத இடத்தில் இருப்பவரிடம் அப்படிச் செய்யவே கூடாது. 2013 பெரிய வியாழனன்று ரோமில் இளையோர் சிறையொன்றில் திருத்தந்தை பிரான்சிஸ் பாதம் கழுவியவர்களில் இஸ்லாமியரும் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இன்னொரு சிக்கல், அனுமதி. கண்காணிப்பாளர் மனம் வைத்தால்தான் உள்ளே போக முடியும். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் வெளியே பேசாமலிருக்கப் பழகுகிறோம். ஒரு துண்டுச்சீட்டுகூட வாங்கிவரக் கூடாது என்ற விதியை நான் மீறச் சொல்லவில்லை; மீறினால் அடுத்த வாரம் யாருமே போக முடியாது. ஆனால் வாயை மூடியிருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பது உயர்நீதிமன்றம் வரை போனது. சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில். கல்லறையிலேயே சாதி பார்த்த பங்குகளிலிருந்து போகும் நமக்கு, அது முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் இல்லாத ஒன்று பங்குக்கு உண்டு: தெருவுக்குத் தெரு அன்பியம் என்ற சிறு குழு. கைதியின் வீடும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. எங்கள் பங்கில் ஒரு பெண், கணவர் உள்ளே போனதிலிருந்து பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து இறுதி ஆசீருக்கு முன்பே கிளம்பிவிடுவார். அவர் வீட்டில் அன்பியக் கூட்டம் வைப்பது நின்றுபோயிருந்தது. எங்கள் சிறை வேன் அந்தத் தெரு வழியாகத்தான் போயிற்று.

பொங்கல் கழிந்து நாங்கள் இருவர் அவர் வீட்டுக்குப் போனோம். பாயைத் தட்டிப் போட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து பாலிதீன் பையில் சுற்றிய காகிதங்களை எடுத்து, “இதுல என்னண்ணே போட்டிருக்கு?” என்று நீட்டினார். பிணை கிடைத்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பூசை முடிந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் ஒரு ஆள். இன்னொருவர் இன்னும் கிடைக்கவில்லை.