உள்ளுறையும் உயிர்த்தொடர்பும்

சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடம் பற்றி எழுந்த ஆராய்ச்சிகள் பல. டாக்டர் மு. வரதராசனார் அதனை விரிவாக ஆராய்ந்தார்; தனிநாயக அடிகளார் நிலமும் பாட்டும் பிணைந்து நிற்கும் திறத்தை உலகறியக் காட்டினார்; பி. எல். சாமி செடிகொடிகளையும் புள்ளினங்களையும் அறிவியல் முறையில் இனங்கண்டு விளக்கினார். இவற்றின் பயன் பெரிது. ஆயினும், வகுப்பறையில் கருப்பொருள் இன்றும் ஒரு பெயர்ப் பட்டியலாகவே பயிலப்படுகின்றது. மருதத்திற்கு எருமையும் நீர்நாயும், நெய்தற்குச் சுறாவும் முதலையும் என மனத்திற் கொள்வதோடு மாணவர் அமைகின்றனர். பெயரறிவு மட்டும் போதாது. ஓர் உயிர் மற்றோர் உயிரோடு கொண்ட தொடர்பை அறிந்தாலன்றி உள்ளுறை விளங்காது என்பதே ஈண்டு யாம் நிறுவ முயல்வது.

கருப்பொருளைத் தொகுத்துக் கூறும் நூற்பாவில் தொல்காப்பியர் தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். விலங்கு, மரம், புள் முதலியன அதன் பின்னரே வருகின்றன. உள்ளுறை உவமத்திற்கு நிலைக்களன் கூறுங்கால் தெய்வத்தை விலக்கினார். எஞ்சியவற்றுள் புலவர் மிகுதியும் எடுத்தாள்வன உண்ணும் உயிரும் உண்ணப்படும் உயிரும் அவை வாழும் இடமுமே. இதுகொண்டு, 1935-இல் டான்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் பெயரிட்ட சூழல் மண்டலக் கொள்கையைத் தொல்காப்பியர் முன்னரே கண்டார் எனல் பொருந்தாது. அவர் வகுத்தது செய்யுளிலக்கணம். ஆனால், அவ்விலக்கணம் உயிர்த்தொடர்பைக் கூர்ந்து நோக்கிய மக்களை முன்னிறுத்தியே எழுந்தது என்பது தெளிவு.

அகநானூற்று 46-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. வாயில் மறுக்கும் தோழியின் கூற்று. தொழுவத்துச் சேற்றை வெறுத்த எருமை, ஊர் உறங்கும் இரவில் கட்டை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் நீக்கிப் பொய்கையுள் இறங்குகின்றது. மீன்கள் சிதறுகின்றன, வள்ளைக்கொடி குலைகின்றது, வண்டு மொய்க்கும் தாமரையை அது தின்கின்றது. எருமை தலைவன், தாமரை பரத்தை, வேலி காவல் என ஒன்றற்கு ஒன்றாகப் பொருத்தி உரைப்பது மரபு. அப்பொருத்தம் பிழையன்று, ஆனால் முழுமையுமன்று. எருமை நாடியது தாமரை ஒன்றையே. மீனுக்கும் வள்ளைக்கும் அது பகையன்று. அவற்றை அது நினைக்கவுமில்லை. எனினும், ஒரு பொய்கையில் கூடி வாழ்தலின் அவை கேடுறுகின்றன. வண்டும் தன் உணவை இழக்கின்றது. தலைவன் கருத்தில் தலைவிக்குத் தீங்கு செய்யும் எண்ணமில்லை; ஆயினும் அவள் தொடி நெகிழ்கின்றது. நாடாத பொருளையும் சென்று தாக்கும் செயலின் தன்மையே இப்பாட்டின் உள்ளுறை. பொருத்தப் பட்டியல் மட்டும் கொண்டு நோக்குவார்க்கு இது புலப்படாது.

ஐங்குறுநூற்று 63-ஆம் பாட்டில் ஓரம்போகியார் காட்டும் நீர்நாயும் இத்தகையதே. புலால் நாறும் மேனியோடு அது அன்றைய இரையாக வாளையைப் பெறுகின்றது. முன்னர் உண்டதன் நாற்றம் நீங்காமலே புதிய இரை தேடும் இயல்பை அறிந்தார்க்கே, தலைவி தலைவனைத் தீண்ட மறுப்பதன் கூர்மை விளங்கும்.

இனி, இதற்கு ஒரு தடை எழலாம். அந்நூலின் 24-ஆம் பாட்டு, தாய் சாவப் பிறக்கும் நண்டையும், தன் பிள்ளையைத் தின்னும் முதலையையும் கூறுகின்றது. நன்னீர் நண்டு குஞ்சுகளைத் தன் வயிற்றின் கீழ்த் தாங்கிக் காக்கும். முதலை, பொரித்த குஞ்சுகளை வாயிற் கவ்வி நீரிற் கொண்டு விடும். எனவே புலவர் கூற்று உண்மையன்றே என்பர். உண்மையன்றுதான். வாயுட் குஞ்சினைக் கண்டோர் அதனைத் தின்பதாகக் கருதியிருத்தல் கூடும். ஆனால் இப்பிழையும் நம் கருத்தையே வலியுறுத்துகின்றது. ஈண்டும் பாட்டின் பொருள் தாய்க்கும் சேய்க்கும் உள்ள தொடர்பின்மேலேயே நிற்கின்றது. சங்கப் பாடலை விலங்கியல் நூலாகக் கொள்ளுதல் தகாது. விலங்கியல் அறியாமல் அதற்கு உரை காணுதலும் தகாது.

இவ்வறிவைப் பெறுதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்திற்குத் தெற்கே, பெயரிலேயே ஏரியைத் தாங்கி நிற்கும் பொத்தேரியில் பயிலும் மாணவர், ஏரிகள் நிறைந்த செங்கற்பட்டு மாவட்டத்தினுள் வாழ்கின்றனர். இம்மாவட்டத்து வேடந்தாங்கலில், நீருள் நிற்கும் மரங்களிற் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரிநீரை உரமாக்குகின்றது; அந்நீர் வயலுக்குப் பாய்கின்றது; அதனால் உழவர் பறவைகளைக் காக்கின்றனர். அக்காவலுக்கு 1798-இல் மாவட்ட ஆட்சியர் பிளேஸ் உரிமை வழங்கினார். அங்கு வரும் நத்தைகுத்தி நாரை கழனி நத்தையை உண்கின்றது. மருதத்தின் உணவும் புள்ளும் மரமும் தொழிலும் ஒரு வட்டமாய் இயங்குதலை ஈண்டு நேரிற் காணலாம்.

தாம்பரம் முதல் தெற்கே கட்டடங்கள் பெருகி, நீர்நிலைகள் சுருங்கி வருகின்றன. ஏரி மறைந்தால் நீர் மட்டும் மறைவதன்று. பாட்டின் உரையும் உடன் மறையும். எருமை இறங்கிக் கலங்கிய பொய்கையைக் காணாத தலைமுறைக்கு நன்முல்லையாரின் சினம் வெறும் சொல்லாகவே எஞ்சும். ஆதலின், இனி வரும் உரைகளும் பாடநூல்களும் உயிரின் பெயரோடு அது எதனை உண்ணும், எதற்கு இரையாகும், எதனைச் சார்ந்து வாழும் என்பவற்றையும் குறித்தல் வேண்டும். உள்ளுறை காண்டற்கு அதுவே வழி என்க.