தெஃப்டும் ராபரியும், நடுவில் மாட்டிய 'கொள்ளை'யும்

சில வருஷத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்து யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். போனது ஒரு லேப்டாப், கொஞ்சம் வெள்ளிச் சாமான். புகார் மனுவில் 'ராபரி' என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷன் ரைட்டர் படித்துவிட்டு, "சார், வீட்ல யாராவது இருந்தாங்களா? அடிச்சாங்களா, மிரட்டினாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இது தெஃப்ட். மாத்தி எழுதுங்க."

பி.இ. படித்தவனுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறாரே என்று உள்ளுக்குள் கோபம். சட்டத்தைப் புரட்டினால் அவர் சொன்னதுதான் சரி.

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் தெஃப்ட் 378-ஆவது பிரிவு. ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினாலே போதும். ராபரி 390. அந்தத் திருட்டுக்காக ஆளைக் காயப்படுத்த வேண்டும், மறித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கணமே அப்படி நடக்கும் என்று பயமுறுத்த வேண்டும். தண்டனையும் எகிறுகிறது: சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை, வீட்டுக்குள் புகுந்து திருடினால் 7, ராபரிக்கு 10. அதுவே நெடுஞ்சாலையில் இரவு நேரம் என்றால் 14. (ஐந்து பேருக்குக் குறையாமல் சேர்ந்து செய்தால் டக்காய்ட்டி. அது தனிக்கதை.)

ஆக, கத்தியைக் காட்டி 100 ரூபாய் பிடுங்கினால் ராபரி. ஆளில்லாத வீட்டில் 100 பவுன் எடுத்தால் தெஃப்ட். நம்ம பத்திரிகைகளோ அளவை வைத்துப் பிரிக்கின்றன. செல்போன் போனால் 'திருட்டு', பூட்டிய வீட்டில் 50 பவுன் போனால் 'கொள்ளை'. முன்பெல்லாம் இதை அலட்சியம் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கொள்ளை அழகு, கொள்ளை ஆசை என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லிலேயே 'ஏராளம்' உட்கார்ந்திருக்கிறது. தலைப்பு எழுதுபவர் காதில் அதுதான் முதலில் விழுகிறது. தமிழாக அது சரிதான். ஆனால் ராபரிக்கு மொழிபெயர்ப்பாக வைத்தால் உதைக்கிறது. அகராதியை நம்பித்தான் நான் அன்று மனுவில் சொதப்பினேன்.

தெஃப்ட் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் ஸ்டீலும் ஸ்டெல்த்தும் ஒரே வேர். நம்ம 'களவு'ம் அப்படியே, திருட்டுக்கும் ஊருக்குத் தெரியாமல் நடக்கும் காதலுக்கும் ஒரே சொல்.

ராபரிக்கு என் ஓட்டு 'வழிப்பறி'க்கு. ஆனால் பேங்குக்குள் துப்பாக்கி காட்டினால் அதில் வழி எங்கே வந்தது? வெறும் 'பறிப்பு' என்று வைக்கலாம் என்றால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, செயின் பறிப்பு மாதிரி திடீரென்று பிடுங்குவதை 304-ஆவது பிரிவில் தனிக்குற்றமாக்கிவிட்டது. ராபரி இருப்பது 309-இல். இருந்த ஒரு நல்ல சொல்லும் அந்தப் பக்கம் போய்விட்டது.