ஆவும் கிளியும்: நன்னூற் பாயிரமும் வகுப்பறைப் புள்ளியும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை நாம் பெரும்பாலும் எழுத்துக்கும் சொல்லுக்குமே புரட்டுகிறோம். அதன் பொதுப்பாயிரமோ ஆசிரியர் மேசைமீது நாள்தோறும் விரிந்திருக்கத் தக்கது. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்களை அடுத்துப் பாடசாலை மட்டக் கணிப்பீடு பரவியபின், மாணவரின் பேச்சுக்கும் கலந்துரையாடலுக்கும் புள்ளியிடும் பொறுப்பு நம் கைக்கு வந்துள்ளது. ஆதலின் அப்பாயிரத்தை ஈண்டு அந்நோக்கிற் பயிலுதல் தகும்.

பவணந்தியார் மாணாக்கரைத் தரம் பிரிக்குங்கால் அன்னத்தையும் ஆவையும் தலையில் வைத்தார். மண்ணையும் கிளியையும் இடையில் வைத்தார். கிளி பேசும், ஆயினும் பயிற்றியதன்றி வேறு சொல்லாது. ஆவோ வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தே கிடந்து ஓசையின்றி அசைபோடுவது. பேசாத ஆ பேசும் கிளிக்கு மேலே நிற்கும் இவ்வரிசையை நம் புள்ளிப் பதிவேடு பலகாலும் தலைகீழாக்கிவிடுகிறது.

அவர் பேச்சை இகழ்ந்தாரென்று கொள்ளற்க. ஆசிரியன் உரைத்ததைச் செவ்வனே கேட்பதால் வருவது காற்பங்கு, உடன்பயில்வாரொடு பழகுவதால் காற்பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதால் அரைப்பங்கு எனப் புலமையைக் கூறிட்டவரும் அவரே. ஆனால் அக்கூறு கற்பவன் பெறும் வளர்ச்சியின் அளவு. எடுத்துரைக்க வாய்ப்பளியாது, வாய் திறவாமைக்குப் புள்ளி குறைப்பது, கடன் கொடாமலே வட்டி கேட்பதை ஒக்கும்.

கண்டி வகுப்பறைகளில் இது ஏட்டு வினாவன்று. கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் விடியற்பொழுதிற் பேருந்தேறி வரும் தோட்டத்துப் பிள்ளை, கடைவீதிப் பிள்ளைகளின் தமிழுக்கும் ஆசிரியர் சிலரின் யாழ்ப்பாணத் தமிழுக்கும் நடுவே தன் லயத்துத் தமிழை ஒளித்துவைத்துக்கொள்கிறது. நகைப்பரோ என்னும் அச்சமே அதன் வாயை அடைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் றோ 1970களில், ஆசிரியர் வினாவியபின் ஏறக்குறைய ஒரு விநாடியே காத்திருப்பதையும், அது மூன்று விநாடியானால் விடைகள் நீள்வதையும், பேசாதிருந்தாரும் பேச முற்படுவதையும் எடுத்துக்காட்டினார். இரண்டு விநாடி கூட்டிக்கொடுக்கச் சுற்றுநிருபம் எதுவும் வேண்டுவதில்லை. மண் உழவன் உழைப்பின் அளவே விளையுமென்றவர் பவணந்தியார். விளைவு குறைந்தால் உழவனையும் கேட்கவேண்டுமன்றோ?

பாயிரத்திற்கும் குறையுண்டு. நோயாளியைப் பாடங்கேட்கத் தகாதார் வரிசையில் நிறுத்தியதும், எருமை, ஓட்டைக்குடம் என மாணாக்கரை முடிந்தமுடிபாக வகுத்ததும் இன்று ஏற்கத்தக்கன அல்ல. எனினும் ஆசிரியனுக்கு அவர் கூறிய உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. ஐயந்தீர உணர்த்தலும் நடுநிலையும் அதன் இயல்பென்றார். நிறைகோல் தட்டில் வைத்ததையே நிறுக்கும். எழுதிக் கொடுத்த ஒரு வினா, அயலிலிருப்பவனுக்கு மெல்லச் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கு, இவையும் அத்தட்டில் ஏறவேண்டும். எவை ஏறுமென்பதைத் தவணைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடவும் வேண்டும்.