தொடாமல் சொல்லும் காதல்
ஈரானியக் காதல் நகைச்சுவைப் படங்கள்: ஒரு பார்வை

ஈரானிய நகைச்சுவைப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மனிதன் உண்டு. சொந்த வீடு இல்லை, நிலையான வரும்படி இல்லை. மனதில் ஒரு பெண், மண்டைக்குள் ஒரு யோசனை. அந்த யோசனையை நம்பியே அவன் ஊரையும் பெண்வீட்டையும் எதிர்கொள்கிறான். இல்லாமையிலிருந்து ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டிய நெருக்கடி அவனைப் படைத்த இயக்குநர்களுக்கும் இருந்தது. இந்த வகைப் படங்களின் அழகு அங்கேதான் பிறக்கிறது.

தொடக்கமே அப்படித்தான். ஈரானின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ஆபி ஓ ராபி’ (1930) ஒரு மௌன நகைச்சுவை. ஓவானஸ் ஓஹானியன் எடுத்த அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. அவருடைய அடுத்த படமான ‘ஹாஜி ஆகா, சினிமா நடிகர்’ (1933) கிடைத்திருக்கிறது. அதில் ஓர் இயக்குநர் கதை அகப்படாமல் தவிக்கிறார். சினிமாவை வெறுக்கும் செல்வந்தர் ஹாஜி ஆகாவை, அவருடைய மகளும் மருமகனும் துணைநிற்க, அவருக்கே தெரியாமல் படம்பிடிக்கிறார். திரையில் தன்னைப் பார்த்ததும் பெரியவர் மனம் மாறுகிறார். ஆனால் படம் வெளிவருவதற்குள் பேசும்படம் வந்துவிட்டது. ஓஹானியனின் மௌனப்படம் எடுபடவில்லை. அவரை முந்திய முதல் பாரசீகப் பேசும்படம் ‘லோர் பெண்’ (1933), பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தில் உருவானது. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) பிறந்ததும் அங்கேதான்.

1965இல் வந்த ‘காரூனின் புதையல்’ கவலையற்ற ஏழை இளைஞனை நடிகர் ஃபர்தீன் உருவில் மக்கள் நாயகனாக்கிப் பெரும் வசூல் கண்டது. தாரியுஷ் மெஹர்ஜூயியின் ‘திருவாளர் அப்பாவி’ (1970), பெண் தேடித் தெஹ்ரானுக்கு வந்து ஏமாறும் சிற்றூர்க்காரனைக் காட்டிச் சிரிப்புக்குள் வலியை வைத்தது.

1979 புரட்சிக்குப் பிறகு எல்லாம் மாறியது. திரையில் ஆணும் பெண்ணும் தொடக்கூடாது. வீட்டுக்குள் இருக்கும் காட்சியிலும் பெண்ணின் தலையில் முக்காடு இருக்க வேண்டும். காதலை எப்படிக் காட்டுவது? வாதத்தால், காத்திருப்பால், கைவேலையால் காட்டலாம் என்று இயக்குநர்கள் கண்டுகொண்டார்கள்.

கியாரோஸ்தமியின் ‘ஒலிவ மரங்களினூடே’ (1994) இதற்கு உச்சம். எழுதப் படிக்கத் தெரியாத, வீடில்லாத கொத்தனார் ஹுசைன், படித்த தாஹிராவை விரும்புகிறான். வீடுள்ளவர் வீடில்லாதவரையும், படித்தவர் படிக்காதவரையும் மணந்தால்தான் உலகம் சமன்படும் என்பது அவன் வாதம். இதைவிட அழகான காதல் விண்ணப்பத்தை நான் திரையில் கேட்டதில்லை. தாஹிரா என்ன சொன்னாள் என்பது நமக்குக் கேட்பதில்லை. பச்சை வயலில் இரண்டு வெண்புள்ளிகள் விலகிப் போகின்றன, நெருங்குகின்றன. பிறகு ஒன்று திரும்பி ஓடிவருகிறது.

சஃபி யஸ்தானியனின் ‘உன் உலகில் மணி என்ன?’ (2014) படத்தில், ரஷ்த் நகரில் படச்சட்டம் செய்யும் ஃபர்ஹாத், பாரிஸிலிருந்து திரும்பிய கோலியை விடாமல் பின்தொடர்கிறான். அவளுக்கோ அவனை நினைவே இல்லை. ‘எனக்குப் பிடித்த கேக்’ (2024) படத்தில் எழுபது வயதுக் கைம்பெண் மஹீன், டாக்ஸி ஓட்டும் முதியவரை வீட்டுக்கு அழைக்கிறாள். அவர் வந்து அவளுடைய தோட்டத்து விளக்குகளைப் பழுதுபார்த்து எரியவைக்கிறார். காதல் அந்த வெளிச்சத்தில் தெரிகிறது. இந்தப் படம் முக்காட்டு விதியையும் மீறியது. பெர்லின் விழாவில் திரையிடப்பட்டபோது, பயணத்தடையால் அதன் இயக்குநர்கள் இருவரும் அங்கே இல்லை.

ஈரானியப் படம் என்றால் நம் திரைப்படச் சங்கங்கள் பெரும்பாலும் துயரக் கதைகளையே தேர்ந்தெடுக்கின்றன. அடுத்த திரையிடலில் ஒரு மாலையை இந்தச் சிரிப்புக்கும் ஒதுக்குங்கள். ஒடுக்குமுறையை ஒரு சமூகம் எப்படித் தாங்கி வாழ்கிறது என்பதை, அழுகையைப் போலவே சிரிப்பும் உண்மையாகச் சொல்லும்.